மீந்த பிரெட்டை அரைத்தால் ஏன் உதிரியான தூளாக வருவதில்லை?

மீந்துபோன பிரெட்டை மிக்ஸியில் போட்டால் உதிரியாக வராமல் கட்டி கட்டியாக உருண்டுகொள்கிறது, கடையில் வாங்கும் தூளைப்போல் வர என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தவறு அரைப்பதில் இல்லை, அதற்கு முன்பே நேர்ந்துவிடுகிறது. நானும் வெகுநாள் வரை, இரண்டு நாளாகி விறைத்துப்போன பிரெட் காய்ந்துவிட்டது என்றே நம்பி நேராக ஜாரில் போட்டு ஓட்டிவிட்டு, பிளேடுக்கு அடியில் பிசைந்த மாவுபோல் அப்பிக்கிடந்ததைக் கரண்டிக் காம்பால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

விறைத்துப்போவது வேறு, உலர்ந்துபோவது வேறு. பிரெட் வெந்து ஆறிய பின் அதிலுள்ள மாவுச்சத்து சிறிது சிறிதாக மீண்டும் இறுகுவதால்தான் அது விறைக்கிறது. ஈரத்தில் பெரும்பகுதி உள்ளேயேதான் இருக்கிறது. விறைத்த துண்டைச் சற்றுச் சூடாக்கினால் மறுபடியும் மெத்தென்று ஆகிவிடுவதும் இதனால்தான். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அந்த இறுக்கம் இன்னும் விரைவாக ஏற்படுமே தவிர, அரைப்பதற்கு வேண்டிய உலர்வு வந்துவிடாது.

ஆகவே துண்டுகளைக் கட்டைவிரல் அளவுக்குப் பிய்த்து, தட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, ஓவனில் 120 டிகிரி செல்சியஸில் 15 முதல் 25 நிமிடங்கள் வையுங்கள். நடுவில் ஒருமுறை புரட்டிவிட்டு, அணைத்த பிறகும் அதே சூட்டில் சற்று நேரம் விட்டுவிடலாம். அவசரப்பட்டு வெப்பத்தைக் கூட்டினால் வெளிப்புறம் சிவந்துவிடும், நடுப்பகுதி ஈரமாகவே நின்றுவிடும். ஓவன் இல்லாதவர்கள் அடி கனமான வாணலியில் மிகச் சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தாலும் போதும், கொஞ்சம் பொறுமைதான் தேவைப்படும். பாலும் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த பிரெட் சீக்கிரம் கருகும் என்பதால் அதன் பக்கத்திலேயே நிற்பது நல்லது.

பதம் பார்ப்பதை ஆறிய பிறகே செய்ய வேண்டும், சூட்டில் எல்லாத் துண்டும் சற்றுத் துவண்டே இருக்கும். தட்டில் இருப்பவற்றில் மிகத் தடிமனான துண்டை எடுத்து ஒடித்துப் பாருங்கள்: மொடுக்கென்று முறிந்து பொடி உதிர வேண்டும். வளைந்து பிறகு கிழிந்தாலோ, முறிந்த இடத்தை விரலால் அழுத்தும்போது சற்றே அமுங்கினாலோ இன்னும் பத்து நிமிடம் வையுங்கள்.

பிறகு துடைத்து உலர்ந்த ஜாரில் பாதியளவு மட்டும் போட்டு, விட்டு விட்டு ஓட்ட வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் அடியில் இருப்பது மாவாகிவிடும், மேலே இருப்பது அப்படியே கிடக்கும். சல்லடையில் சலித்து, மேலே தங்கும் கரகரப்பான பொடியைப் பொரிக்கும் உணவுகளின்மேல் புரட்டுவதற்கும், கீழே விழும் நைசான தூளைக் கட்லெட் போன்றவற்றில் பிடிப்புக்குச் சேர்ப்பதற்கும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறேன். ஓரத்தை நீக்க வேண்டியதில்லை. வெளுத்த நிறம் வேண்டுமென்றால் மட்டும் நீக்கலாம்.

பூஞ்சணம் பிடித்த பிரெட்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கண்ணுக்குத் தெரியும் புள்ளியை வெட்டியெறிந்தாலும் அதன் இழைகள் உள்ளே பரவியிருக்கக்கூடும், சூடாக்கினாலும் பூஞ்சையின் நஞ்சு முழுவதும் போய்விடாது.

நன்றாக ஆறிய தூளைக் காற்றுப் புகாத பாட்டிலில் போட்டால் சில வாரங்களும், உறைபெட்டியில் சில மாதங்களும் தாங்கும். நிரப்பிய மறுநாள் மூடியின் உட்புறத்தில் ஆவி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். படிந்திருந்தால் ஈரம் மிச்சமிருக்கிறது என்று பொருள். உடனே தூளைத் தட்டில் கொட்டி இன்னொரு முறை உலர்த்திவிடலாம்.