2027 முழு சூரிய கிரகணம்: ஊருக்குள் எங்கே நின்று பார்ப்பது?

2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை. ஸ்பெயினின் தென்முனை, வட ஆப்பிரிக்கா, எகிப்தின் லக்சர், செங்கடல், ஜெத்தா, மக்கா, ஏமன் என்று போகிறது நிலவின் நிழல் பாதை; அதற்குள் நின்றால்தான் சூரியன் முழுதாக மறையும். சவூதியில் வேலை பார்க்கும் நம் ஆட்களிடமிருந்துதான் கடிதங்கள் அதிகம். அவர்கள் கேள்விகளும் என் பதில்களும் இதோ.

ஜெத்தாவில் இருக்கிறேன். கிரகணம் பார்க்கப் பாலைவனத்துக்குப் போக வேண்டுமா, மொட்டை மாடி போதுமா?

மாடி போதும். ஜெத்தாவில் முழு மறைப்பு ஏறக்குறைய 6 நிமிடம். மதியம் ஒன்றேகாலுக்கும் ஒன்றரைக்கும் நடுவே, சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் இருக்கும்போது நடக்கிறது. எதிரே பத்து மாடிக் கட்டடம் இருந்தாலும் மறைக்காது. தொந்தரவு வேறு இடத்திலிருந்து வரும். இருட்டினால் தானாக எரியும் தெருவிளக்குகளும் கடைப் பலகைகளும் அந்த நேரம் பார்த்து பளிச்சென்று எரியும். மாடியில் அப்படி ஒரு விளக்கு இருந்தால் முந்தின நாளே வாட்ச்மேனிடம் சொல்லி அணைக்க ஏற்பாடு செய்யுங்கள். கடற்கரைச் சாலைக்குப் போனால் கூட்டம் இருக்கும். ஆனால் கடலுக்கு மேல் வடமேற்கிலிருந்து நிழல் கருமையாக ஏறி வருவதை அங்கேதான் பார்க்க முடியும். நானாக இருந்தால் கூட்டத்தைச் சகித்துக்கொள்வேன்.

அன்று லீவு கிடைக்காது. என்ன செய்ய?

மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளி வாங்குங்கள். கார் பார்க்கிங்கில் நின்று பார்த்தாலும் அதே சூரியன்தான். லிப்டை நம்பாதீர்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். கால் மணி நேரம் முன்னதாகவே கீழே வந்துவிடுங்கள்.

எகிப்தின் செங்கடல் கரையில் இருக்கும் ஹுர்காதாவில் கடற்கரை ஓட்டலோடு கிரகணப் பேக்கேஜ் மலிவாகக் கிடைக்கிறது. 'முழு கிரகணப் பாதைக்கு அருகில்' என்று போட்டிருக்கிறார்கள். 90 சதவீதத்துக்கு மேல் மறையுமாம். போகலாமா?

இந்த 'அருகில்' என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கல்யாணப் பத்திரிகையில் 'பஸ் ஸ்டாண்டு அருகில்' என்று போட்டுவிட்டு இரண்டு கிலோமீட்டர் நடக்க வைத்தாலும் கடைசியில் சாப்பாடாவது கிடைக்கும். கிரகணத்தில் பாதைக்கு வெளியே நின்றால் பந்தியே கிடையாது.

கணக்கைப் பாருங்கள். சூரியனின் ஒளி முழு நிலவைவிட நான்கு லட்சம் மடங்கு. முழு மறைப்பில் சூரியனைச் சுற்றித் தெரியும் வெளிறிய ஒளிவட்டமான கரோனாவின் ஒளி மொத்தமும் ஏறக்குறைய ஒரு முழு நிலவு அளவுதான். 99 சதவீதம் மறைந்து ஒரே ஒரு சதவீதம் பாக்கி இருந்தாலும், அந்தக் கீற்று கரோனாவைவிட நாலாயிரம் மடங்கு பிரகாசம். கரோனா எப்படித் தெரியும்? பகல் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். கிரகணக் கண்ணாடியையும் கடைசி வரை கழற்ற முடியாது. 99 என்பது 100-க்குப் பக்கத்து வீடு என்று நினைக்காதீர்கள். எத்தனை வருடமாக எழுதுகிறேன், ஒவ்வொரு கிரகணத்துக்கும் யாராவது 'அவ்வளவு போதாதா சார்' என்று கேட்கத்தான் செய்கிறார்கள். போதாது.

ஹுர்காதா பாதைக்கு வெளியே இருக்கிறது. கெய்ரோவும் வெளியேதான். ஹுர்காதா ஓட்டலுக்குப் பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் சரி, கடலில் குளித்துவிட்டு முந்தின நாளே லக்சருக்குக் கிளம்புங்கள். சாலை வழியே 300 கிலோமீட்டர் சொச்சம். அன்று காலை புறப்படலாம் என்று இருந்தால் வழியில் வண்டிகளின் வரிசையைத்தான் பார்ப்பீர்கள்.

லக்சரில் 6 நிமிடம் 20 விநாடியாமே? ஜெத்தாவிலிருந்து அங்கே போகலாமா?

இருபது விநாடிக்காக விமானம் ஏற வேண்டாம். லக்சரில் மேகம் அநேகமாக இருக்காது, காற்றும் வறண்டது. ஜெத்தாவில் ஆகஸ்டில் புழுக்கமும் தூசியும் உண்டு. அதற்காகப் போகிறேன் என்றால் நியாயம். இரண்டு ஊரிலும் வெயில் 40 டிகிரியைத் தொடும். முழு மறைப்புக்கு முன்னாலும் பின்னாலும் பகுதி மறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் வீதம் நீளும். அதற்காக முழு நேரமும் வெயிலில் நிற்காமல், நிழலில் உட்கார்ந்து அவ்வப்போது எட்டிப் பாருங்கள்.

எக்ஸ்ரே பிலிமை இரண்டாக மடித்துப் பார்க்கலாமா?

கூடாது. நாலாக மடித்தாலும் கூடாது. சாணித் தண்ணீர், மஞ்சள் தண்ணீர், கூலிங் கிளாஸ், எதுவும் கூடாது. ஐ.எஸ்.ஓ. 12312-2 என்ற சர்வதேசத் தரமுள்ள கிரகணக் கண்ணாடி அல்லது 14-ஆம் எண் வெல்டிங் கண்ணாடி. கண்ணாடியில் கீறலோ ஓட்டையோ இருந்தால் குப்பையில் போடுங்கள்.

முழு மறைப்பின் போதும் கண்ணாடி போட வேண்டுமா?

போட்டால் ஒன்றுமே தெரியாது. கடைசிக் கீற்றும் அணைந்த பிறகு கழற்றுங்கள். மறு ஓரத்தில் வைர மோதிரம் போல ஒளி கிளம்பியதும் உடனே போடுங்கள். இந்த வரியை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

புது கேமரா வாங்கியிருக்கிறேன். என்ன செட்டிங்?

1995 அக்டோபர் 24, வங்காளத்தின் டைமண்ட் ஹார்பர். முழு மறைப்பு ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். நான் குனிந்து குனிந்து ஷட்டரை அழுத்திக்கொண்டிருந்தேன். ஊருக்கு வந்து பிலிமைக் கழுவினால் பதினான்கு படமும் கன்னங்கரேல். லென்ஸின் சூரிய பில்டரைக் கழற்றவே இல்லை. கூட வந்த நண்பர் வெறுங்கண்ணால் பார்த்ததை இன்னும் சொல்லிச் சொல்லி வெறுப்பேற்றுகிறார். முதல் முறை என்றால் கேமராவை வீட்டில் வையுங்கள்.

தமிழ்நாட்டில் எப்போது?

2031 மே 21-இல் கொச்சி, மதுரை வழியாக வளைய கிரகணம் (நடுவே மறைந்து, ஓரம் மட்டும் வளையமாகத் தெரிவது) வருகிறது. முழு கிரகணம் பார்க்க இந்தியாவை விட்டு வெளியே போக மாட்டேன் என்றால் 2034 மார்ச் 20 வரை காத்திருந்து லடாக்கின் கார்கில் பக்கம் போங்கள்.

எங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரியுமா?

எந்த ஊர் என்று எழுதவில்லையே, ஐயா!