கட்டடக்கலை படிக்காமல் பத்திரிகை ஆசிரியர் ஆகலாமா?

கேள்வி: நான் வணிகவியல் படித்தவள், ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியர். வடிவமைப்பு, நகரங்கள் பற்றிய பத்திரிகைக்கு ஆசிரியராக வேண்டும் என்பது ஆசை. ஆர்க்கிடெக்சர் படிக்காதவருக்கு அங்கே என்ன வேலை என்கிறார்கள். பட்டம் இல்லாமல் முடியவே முடியாதா?

பதில்: முடியும். அமெரிக்காவில் ஜேன் ஜேக்கப்ஸ் 1952-ல் 'ஆர்க்கிடெக்சுரல் ஃபோரம்' பத்திரிகையில் சேர்ந்தபோது அவரிடம் எந்தக் கல்லூரிப் பட்டமும் கிடையாது. மருத்துவமனை, பள்ளிக் கட்டடங்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். கட்டடக் கலைஞரான கணவரிடம் உட்கார்ந்துதான் வரைபடம் வாசிக்கவே கற்றுக்கொண்டார். பிலடெல்ஃபியா நகரின் மறுசீரமைப்புத் திட்டங்களைக் காகிதத்தில் பார்த்து நம்பிப் பாராட்டியும் எழுதியவர், நேரில் போனதும் அதிர்ந்துபோனார்: பழைய தெருவில் அத்தனை கூட்டம், புதிதாகச் சீரமைத்த தெருவில் டயரை உதைத்துக்கொண்டிருந்த ஒரு சிறுவன் மட்டும். மனிதர்கள் எல்லாம் எங்கே என்ற அந்தக் கேள்விதான் வளர்ந்து வளர்ந்து 1961-ல் புத்தகமாகி, நகரத் திட்டமிடலையே உலுக்கியது.

நம் நாட்டிலும் உண்டு. 1946-ல் தொடங்கிய 'மார்க்' கலை இதழின் ஆசிரியர் முல்க் ராஜ் ஆனந்த் நாவலாசிரியர். பம்பாய்க்கு எதிரே புதிய நகரம் எழுப்பலாம் என்று கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியாவும் நண்பர்களும் சொன்ன யோசனையை 1965-ல் அந்த இதழ் வெளியிட்டது. இன்றைய நவி மும்பையின் தொடக்கம் அது.

சரி, உங்களுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? வரைபடம் வாசிக்க வேண்டும், ஒரு மனையில் எத்தனை மாடி எழுப்பலாம் என்ற விதி புரிய வேண்டும், யார் பணம் போட்டார்கள் என்று கேட்கக் கூச்சப்படக் கூடாது. வணிகவியல் அதற்குக் கை கொடுக்கும், அதைக் குறையாக நினைக்காதீர்கள். இந்தத் துறையில் என்னை அதிகம் வருத்துவது படங்கள்தான். கட்டியவர்களே அனுப்புவார்கள், ஆள் குடிவருவதற்கு முன்பு எடுத்தவை, சுவரில் ஒரு கறை இருக்காது, அதை வைத்தே பத்துப் பக்கம் ஓட்டிவிடலாம், பலர் ஓட்டுகிறார்கள்.

நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். திறந்து ஐந்து வருடமான கட்டடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். காலை, உச்சிவெயில், இரவு என மூன்று வேளையும் போய் நில்லுங்கள், அங்கே பெருக்கித் துடைப்பவரிடமும் பேசுங்கள். பார்த்ததை 800 சொற்களில் எழுதுங்கள். வேலை கேட்டு அனுப்பும் கடிதத்தோடு அந்தக் கட்டுரையையும் சேர்த்து அனுப்புங்கள்.