இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட பிரிட்டிஷ் இசை நகைச்சுவைப் படங்களில் இன்று பார்க்கத்தக்கது எது?

1940-இல் வந்த ‘சம்வேர் இன் இங்கிலாந்து’ படத்தையே நான் சொல்வேன். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ராணுவ முகாமில் சில சிப்பாய்கள் சார்ஜென்ட்டின் உயிரை வாங்குகிறார்கள். நடுவே ஒரு காதல், சில பாட்டுகள், சிப்பாய்களே நடத்தும் ஒரு மேடை நிகழ்ச்சி. காதல் காட்சிகளை ஓட்டிவிட்டாலும் நட்டமில்லை.

இயக்கியவர் மான்செஸ்டர்க்காரரான ஜான் பிளேக்லி. 1934-இல் பாடகரும் நகைச்சுவை நடிகருமான ஜார்ஜ் ஃபார்ம்பியின் முதல் பேசும் படத்தை, லண்டனில் ஒரு டாக்சி கொட்டகைக்கு மேலிருந்த சின்ன ஸ்டூடியோவில் தயாரித்து முடித்தவர் இவர்தான் என்றால், இவருடைய சிக்கனம் எத்தகையது என்று புரியும். நகைச்சுவைக் காட்சி வரும் இடத்தில் இவருடைய திரைக்கதையில் வசனம் இராது. நடிகர் தம் கைவரிசையைக் காட்டிக்கொள்ளட்டும் என்ற பொருளில் ஒரு சுருக்கக் குறிப்பு மட்டும் இருக்கும். கேமராவும் பெரும்பாலும் ஓரிடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

இதைச் சோம்பேறித்தனம் என்று குறைகூறுவோர் உண்டு, அதில் உண்மையும் உண்டு. ஆனால் அந்தச் சோம்பேறித்தனத்தால்தான், வட இங்கிலாந்தின் லங்காஷயர் மேடைகளில் ஆண்டுக்கணக்கில் பட்டைதீட்டப்பட்ட நகைச்சுவை, வெட்டி ஒட்டப்படாமல் நமக்குக் கிடைத்திருக்கிறது என்பது என் எண்ணம். குறிப்பாக, சிப்பாயாக வரும் ஃபிராங்க் ராண்டில். பற்களை எல்லாம் பிடுங்கிவிட்டிருந்த அவர் வாயை மடக்கினால் மோவாய் மூக்கை நோக்கி ஏறிவிடும். சார்ஜென்ட்டாக வரும் ஹாரி காரிஸ், பருத்த உடம்போடு எதிரே நின்று பொருமுவார். இருவரும் ஒரே சட்டகத்துக்குள் நிற்பதால், ஒருவர் செய்யும் சேட்டையையும் மற்றவர் முகத்தில் ஏறும் கடுப்பையும் ஒருசேரப் பார்க்க முடிகிறது. முகத்துக்கு முகம் வெட்டிக் காட்டியிருந்தால் பாதிச் சிரிப்பு போயிருக்கும்.

வட இங்கிலாந்துத் தொழில் நகரங்களில் படம் நன்றாக ஓடியது. 1942-இலும் 1943-இலும் இதே வரிசையில் ‘சம்வேர் இன் கேம்ப்’, ‘சம்வேர் ஆன் லீவ்’ ஆகிய படங்கள் வந்தன. லண்டன் இவற்றைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. வட்டார வழக்கு கடினமானது. முதல் முறை பார்த்தபோது வசனத்தில் பாதி எனக்கு விளங்கவில்லை, சிரிப்பு மட்டும் வந்துகொண்டே இருந்தது.