கிருஷ்ணகிரிக்கு ஏன் ரயில் இல்லை?

"மாவட்டத் தலைநகர், பெரிய நெடுஞ்சாலைகள் சந்திக்கிற ஊர், ரயில் நிலையம் மட்டும் ஏன் இல்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள். இருந்தது. எடுத்துவிட்டார்கள்.

மதராஸ் ரயில்வே கம்பெனிக்குச் சென்னையை மேற்குக் கடற்கரையோடு இணைப்பதுதான் குறி. அந்தத் தடம் 1860களின் தொடக்கத்தில் ஜோலார்பேட்டை, திருப்பத்தூர், சாமல்பட்டி, மொரப்பூர், பொம்மிடி வழியாகச் சேலம் போனது. 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து குப்பம் வழியாகப் பெங்களூர் கண்டோன்மென்டுக்கு ஒரு கிளை போட்டார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர் மூன்றும் இரண்டு தடங்களுக்கும் நடுவே விடுபட்டன.

அதன் விலை 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் தெரிந்தது. தண்டவாளத்தை ஒட்டிய ஊர்களில் தானியம் வந்து இறங்கியது. தண்டவாளத்தை விட்டுத் தள்ளியிருந்த ஊர்களுக்கு அதை மாட்டு வண்டியில்தான் கொண்டுபோக வேண்டும். வண்டி மாடுகளோ தீவனமில்லாமல் செத்துக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகுதான் பஞ்சத் தடுப்பு ரயில் என்ற யோசனையே வந்தது. அப்படியும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆக்கினார்கள்: திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி 1905, மொரப்பூர்–தருமபுரி 1906, அங்கிருந்து ஓசூர் வரை 1913.

போட்டதும் சிக்கனமாக. இந்தப் பாதைகளின் அகலம் இரண்டரை அடி, பெரிய பாதைக்கு ஐந்தரை அடி. தருமபுரியில் ஏற்றிய புளி மூட்டையை மொரப்பூரில் இறக்கி, பெரிய வண்டியில் மறுபடி ஏற்ற வேண்டும். இரண்டு கூலி, இரண்டு காத்திருப்பு. கடை வாசலிலிருந்தே ஏற்றிப்போகும் லாரி வந்த பிறகு எந்த வியாபாரி இதற்கு நிற்பார்? 1936-இல் கிருஷ்ணகிரிப் பாதையை மூடினார்கள். மொரப்பூர்–தருமபுரி–ஓசூர் பாதை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போனது. என் ஆயா சிறுமியாக அந்தச் "சின்ன ரயிலை"ப் பார்த்தவர். கடைசிவரை அதைப் பற்றிப் பேசுவார்.

1960களின் இறுதியில் பெங்களூர்–சேலம் பாதை வந்து ஓசூரையும் தருமபுரியையும் மீட்டது. கிருஷ்ணகிரி விடுபட்டது விடுபட்டதுதான். எங்கள் மாம்பழமும் மாங்கூழும் இன்றும் லாரியை நம்பித்தான் ஊரைவிட்டுக் கிளம்புகின்றன. எனக்கு இது வெறும் வரலாறு இல்லை. போன மாதம் அப்பாவைக் கண் ஆபரேஷனுக்குச் சென்னை கூட்டிப்போனேன். மூன்றரை மணிக்கு எழுந்து, பஸ் பிடித்து ஜோலார்பேட்டை போனோம். நடைமேடைப் படிகளில் கைப்பிடியைப் பிடித்து, நின்று நின்று ஏறினார்.

மொரப்பூர்–தருமபுரிப் பாதையை மறுபடி போட 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். அதோடு சேர்ந்து பிறந்த எங்கள் பாதைக்கும் ஒரு கல் நாட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம்.