ஜார்ஜியாவில் யார் வீட்டில் தங்குவது?

வணக்கம்.

நானும் என் தங்கையும் செப்டம்பரில் ஜார்ஜியா போகலாம் என்றிருக்கிறோம். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. பத்துப் பேரோடு அடுக்குக் கட்டிலில் படுக்கிற விடுதி ஒத்துவராது, நல்ல ஓட்டலுக்குக் கை நீளாது. அங்கே குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே அறை தருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். முன்பின் தெரியாதவர் வீட்டில் தங்கலாமா? நல்ல வீடு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன வழி?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

தாராளமாகத் தங்கலாம். தலைநகர் திபிலிசியில் எங்கே வேண்டுமானாலும் தங்குங்கள், மலைக்குப் போனால் குடும்பம் குடியிருக்கிற வீட்டில் தங்குங்கள் என்றுதான் ஜார்ஜியா போகிற எல்லோரிடமும் சொல்கிறேன். மெஸ்தியா, உஷ்குலி, ஸ்டெபன்ட்ஸ்மிண்டா போன்ற ஊர்களில் இது வழக்கமான ஏற்பாடு. வாசலில் 'கெஸ்ட் ஹவுஸ்' என்று பலகை இருக்கும். உள்ளே குடும்பம் ஒரு பக்கம், விருந்தாளிகளுக்கு நாலைந்து அறைகள் ஒரு பக்கம். மெஸ்தியாவிலிருந்து உஷ்குலிக்கு நான்கு நாள் நடந்து போகிறார்களே, அந்தப் பாதையே இந்த வீடுகளை நம்பி இருக்கிறது. ஷபேஷி, அதிஷி, இப்ராரி என்று மாலைக்கு ஒரு கிராமம் வரும். அங்கே ஒரு வீட்டில் படுக்கையும் இரவுச் சாப்பாடும் கிடைக்கும் என்பதால் கூடாரம், அடுப்பு எதுவும் சுமக்காமல் நடக்கிறார்கள்.

தேடுவதற்கு புக்கிங்.காம் போதும். சின்னச் சின்ன வீடுகள்கூட அதில் இருக்கின்றன. ஏர்பிஎன்பியில் தேடினால் 'அறை' என்று தேர்வு செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் ஆள் இல்லாத அடுக்குமாடி வீடுகளாக வந்து குவியும். சாவி வாசலில் ஒரு பெட்டிக்குள் இருக்கும், எண்ணை அழுத்தி எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசி நாள் வரை ஒரு முகத்தைக்கூடப் பார்க்க மாட்டீர்கள். நீங்கள் தேடுவது அதை அல்ல.

மதிப்பெண்ணை நம்பித் தேர்ந்தெடுக்காதீர்கள், பாதி வீடுகள் ஒன்பதுக்கு மேல் வைத்திருக்கும். வந்து போனவர்கள் எழுதியதை உட்கார்ந்து படியுங்கள். 'சுத்தம், நல்ல இடம்' என்பதோடு முடிந்தால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. 'அந்தப் பாட்டி ரொட்டி சுடும்போது கூப்பிட்டுக் காட்டினார்', 'மகளுக்கு ஆங்கிலம் தெரியும்', 'காலையில் வேன் ஏற்றிவிட்டுத்தான் திரும்பினார்' என்று மனிதர்கள் வர வேண்டும். தனியாகப் போனவர்கள் எழுதியதை மட்டும் பிரித்துப் பார்க்க வசதி உண்டு. அதில் பெண்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பாதுகாப்பைப் பற்றி என் வார்த்தையைவிட அவர்கள் அனுபவத்தை நம்பலாம்.

பணம் கட்டுமுன் வீட்டுக்காரருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். குடும்பம் அதே வீட்டில் இருக்கிறதா, குளியலறை பொதுவா, அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, அறையில் கணப்பு உண்டா என்று கேளுங்கள். கணப்பைப் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். உஷ்குலி சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, செப்டம்பர் இரவுகள் நன்றாகவே குளிரும். பழைய வீடுகளில் சமையலறை விறகடுப்பைச் சுற்றி மட்டும் சூடு இருக்கும். சொல்லும் விலை அறைக்கா ஆளுக்கா என்பதையும் கேட்டுவிடுங்கள். மலைக்கிராமங்களில் ஆளுக்கு இவ்வளவு, இரண்டு வேளைச் சாப்பாட்டோடு என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். இருவருக்கு அது இரட்டிப்பாகும்.

சாப்பாட்டுக்கு நீங்கள் கவலைப்படவே வேண்டாம். ஜார்ஜிய ஆர்த்தடாக்ஸ் சபையில் புதன், வெள்ளி நோன்பு உண்டு. ஈஸ்டருக்கு முன்னால் நீண்ட நோன்புக் காலமும் உண்டு. அந்த நாட்களில் இறைச்சி, பால், முட்டை எதுவும் சேர்க்க மாட்டார்கள். அதனால் சைவமாகச் சமைப்பது அந்த வீடுகளுக்குப் பழக்கமானது. 'சமர்க்வோ' என்று சொன்னால் நோன்புச் சாப்பாடு என்று புரிந்துகொள்வார்கள். மண்சட்டியில் ராஜ்மாவைக் குழைய வேகவைத்து, கொத்தமல்லியும் வெந்தயத்தின் உறவான ஒரு மசாலாவும் போட்டுத் தருகிற லோபியோ வரும். கூடவே மொறுமொறுவென்று மக்காச்சோள ரொட்டி, ம்சாதி. கத்தரிக்காயை நீளவாக்கில் சீவிப் பொரித்து, பூண்டு சேர்த்து அரைத்த வால்நட் விழுதை உள்ளே வைத்துச் சுருட்டி, மேலே மாதுளை முத்துகளைத் தூவியிருப்பார்கள். உங்கள் தங்கை அதன் செய்முறையைக் கேட்காமல் கிளம்ப மாட்டார்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மெஸ்தியாவும் உஷ்குலியும் இருக்கிற ஸ்வானெத்திப் பகுதியில் குப்தாரி என்று ஒரு ரொட்டி உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் பாலாடைக்கட்டி வைத்த கச்சாபுரி போலவே இருக்கும், உள்ளே இருப்பது இறைச்சி. ரொட்டி எது வந்தாலும் கேட்டுவிட்டுப் பிட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு ரஷ்ய மொழி தெரியும், ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. கைப்பேசியில் ஜார்ஜிய மொழிபெயர்ப்பை இணையம் இல்லாமலும் இயங்குகிற மாதிரி இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. சாச்சா என்கிற வீட்டுச் சாராயத்தை நீட்டினால் வேண்டாம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

அப்புறம், விமான நிலையம். இ-விசா இருந்தும் திருப்பி அனுப்பப்பட்ட இந்தியர்கள் உண்டு. எல்லா இரவுகளுக்கும் முகவரியோடு முன்பதிவு, திரும்புகிற டிக்கெட், காப்பீடு எல்லாவற்றையும் அச்சடித்துக் கையில் வைத்திருங்கள். 'ஒரு தெரிந்தவர் வீடு' என்று வாயால் சொன்னால் எடுபடாது.

இதற்காகச் சிலர் இலவசமாக ரத்து செய்யலாம் என்பதை வைத்து ஒரே இரவுக்கு மூன்று வீடுகளைப் பிடித்து வைத்துவிட்டு, கடைசி நாளில் இரண்டை விடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நூறு அறை ஓட்டலுக்கு அது ஒரு பொருட்டில்லை. நான்கு அறை வீட்டில், அதுவும் பனிக்கு முன்னால் சில மாதங்களே ஆட்கள் வருகிற ஊரில், ஒரு காலி அறை என்பது அந்த வாரத்து வருமானத்தில் விழுகிற ஓட்டை. உங்களுக்காக மாவும் பாலாடைக்கட்டியும் வாங்கி வைத்திருப்பார்கள். திட்டம் மாறினால் தெரிந்த அன்றே சொல்லிவிடுங்கள். அதேபோல, சாப்பாட்டோடு சொல்கிற விலையில் பேரம் பேச வேண்டாம் என்பதும் என் வேண்டுகோள்.

மலை வீடுகள் பலவற்றில் ரொக்கம்தான் வாங்குவார்கள். உஷ்குலிக்கு ஜீப் ஏறுமுன் மெஸ்தியா ஏடிஎம்மில் அந்த நாட்டுப் பணமான லாரியைப் போதுமான அளவு எடுத்துக்கொள்ளுங்கள்.