‘ஆரண்ய காண்டம்’ படத்தை வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பார்க்க முடியுமா?

கேள்விக்குக் கீழே இன்னொரு வரியும் போட்டிருக்கிறீர்கள். “நாங்கள் கொங்குப் பக்கம், வீட்டில் வாங்க போங்க என்றுதான் பேசுவோம், இத்தனை கெட்ட வார்த்தை இருக்கிற டார்க் காமெடியை எப்படி எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்?” அந்த வரிதான் என்னை எழுத வைத்தது.

நீங்கள் கோவையிலோ ஈரோட்டிலோ காலேஜ் படிக்கிற பையன் என்று நினைக்கிறேன். லீவுக்கு வந்த இடத்தில் ஹாலில் படத்தைப் போட்டிருப்பீர்கள், அம்மா காபி டம்ளரோடு வந்திருப்பார், ரிமோட் கைக்கு அகப்பட்டிருக்காது. தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

என் பதில், பார்க்கலாம். நான் எங்கள் அப்புச்சியோடு பார்த்தேன், அம்மாவைப் பெற்றவர், அப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் 2011-இல் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

அப்போது நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். அந்த வருஷம் ஜனவரியில்தான் நொய்யல் ஆறு மாசுபடுகிறது என்று ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சாயம் போட்ட துணி வராமல் ஊரே படுத்துவிட்டது, எங்கள் கம்பெனியில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை, சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரித்தால் வீட்டு வாடகைக்கே இழுக்கும். ஜூன் 10-ஆம் தேதி, ரவுடிக் கூட்டத்தைப் பற்றிய இந்தப் படம் வந்தது. சென்சாரில் 52 இடத்தில் வெட்டச் சொன்னார்கள், தயாரிப்பாளர் தரப்பு ஒத்துக்கொள்ளாமல் டெல்லியில் இருந்த சென்சார் அப்பீல் டிரிப்யூனல் வரைக்கும் போய்த்தான் வெளியே கொண்டு வந்தார்கள் என்று பேப்பரில் படித்திருந்தேன். அதற்கு முந்தின வருஷமே நியூயார்க்கில் ஒரு விழாவில் விருது வாங்கிய படம். வேலை இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் லைனில் இருந்த ஒரு அக்காவும் நானும் மேட்னி ஷோவுக்குப் போனோம்.

டிக்கெட் கொடுப்பவர் எங்களைப் பார்த்ததும் பணத்தையே வாங்கவில்லை. “அம்மிணி, இது ஏ படமுங்க. உள்ள லேடீஸ் ஒருத்தரும் இல்லீங்க, அப்புறம் உங்க இஷ்டம்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வரிசையில் நின்ற ஆண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். எனக்கு அப்போது இருபத்தி மூன்று வயது. பதினெட்டு முடிந்த யாரும் பார்க்கலாம் என்பதுதான் ஏ சான்றிதழுக்கு அர்த்தம், ஆண் மட்டும் என்று அதில் எங்கும் இல்லை.

இது எப்படியோ கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை சூப்பர்வைசர் டேபிள் பக்கம் வந்து, “அந்தப் படத்துக்குப் போனீங்களாமா? குடும்பத்துப் பொண்ணுங்க போற படமா அது?” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். அன்று மத்தியானமே, கைமடியாக, அதாவது உதவியாளாக, சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகாத ஒரு பிள்ளை, தென் மாவட்டத்திலிருந்து வந்தவள், பண்டலில் சைஸ் மாற்றிக் கட்டிவிட்டாள். எம் இருக்க வேண்டிய இடத்தில் நாலு பீஸ் எல். சூப்பர்வைசர் அதை எடுத்து அவள் முகத்தில் எறிந்து, அவளுடைய அம்மாவைச் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னார். இங்கே எழுத மாட்டேன். அந்தப் பிள்ளை கீழே குனிந்து பீஸை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தூசி தட்டி, மடித்து, மறுபடி டேபிளில் வைத்தாள். கை நடுங்கியதில் மடிப்பு நேராக வரவில்லை, பிரித்துத் திரும்ப மடித்தாள். ஐம்பது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தரும் நிமிரவில்லை. நானும்தான் நிமிரவில்லை, அது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அதனால்தான் ‘நாங்க மரியாதையா பேசற ஊருங்க’ என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சுருக்கென்று இருக்கிறது. பேசுகிறோம்தான். ஏனுங்க, சொல்லுங்க என்று ஐந்து வயசுப் பிள்ளையிடம்கூடப் பேசுகிற ஊர், அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்த ‘ங்க’ யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்று ஒரு நாள் எந்தக் கம்பெனி வாசலிலாவது, எந்தத் தோட்டத்திலாவது நின்று கேட்டுப் பாருங்கள்.

உடனே ‘கெட்ட வார்த்தைக்கு வக்காலத்து வாங்குகிறாள்’ என்று கீழே எழுத வருவார்கள், தெரியும். நான் வாங்கவில்லை. என் பிள்ளைகள் அப்படிப் பேசினால் வாயிலேயே போடுவேன். எல்லாப் படத்திலும் வசை இருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. சிரிப்பு வராத இடத்தில் சிரிப்புக்காக ஒரு வசையைச் செருகுகிற படங்கள் இப்போது நிறைய வருகின்றன, அவற்றை நான் பாதியில் நிறுத்திவிடுகிறேன். டார்க் காமெடி, அதாவது கொடுமையை வைத்தே சிரிக்க வைக்கிற கறுப்பு நகைச்சுவை, நம் ஊருக்குப் புதுசு என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். சூலூர்க்காரர் மணிவண்ணனும் கோயம்புத்தூர்க்காரர் சத்யராஜும் சேர்ந்து 1994-இல் செய்த ‘அமைதிப்படை’ வேறு என்ன? நம்பி வந்த பெண்ணைக் கைவிட்டுப் போகிற அமாவாசை என்கிற சத்யராஜ் பாத்திரத்தைப் பார்த்து நாம் வீட்டோடு சிரித்திருக்கிறோம், டிவியில் எத்தனை தடவை போட்டாலும் உட்கார்ந்திருக்கிறோம். அதில் இந்த அளவுக்கு வசை இல்லை, அதனால் யாருக்கும் கூச்சம் வரவில்லை. நல்ல படம்தான், எனக்கும் பிடிக்கும். கூச்சம் வார்த்தைக்கு வருகிறது, அந்தப் பெண்ணுக்கு நடந்ததற்கு வருவதில்லை என்றுதான் சொல்கிறேன்.

சரி, படத்துக்கு வருகிறேன். தியேட்டரில் அது ஓடவில்லை. அடுத்த வருஷம் அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதும், படத்தொகுப்புக்கான விருதும் வந்த பிறகுதான் பலருக்குப் பெயரே தெரிந்தது. ஏ படத்தை டிவியில் அப்படியே போட முடியாது, அதனால் அதுவாக வீட்டுக்குள் வரவும் இல்லை. படம் வந்த 2011-லேயே, தமிழ்த் தலைப்போடு யு சான்றிதழும் இருந்தால்தான் கேளிக்கை வரி விலக்கு என்று ஆகிவிட்டது. அப்புறம் எந்தத் தயாரிப்பாளர் இப்படி ஒரு படத்துக்குக் காசு போடுவார்? அதே இயக்குநர் தியாகராஜன் குமாரராஜாவின் அடுத்த படம் ‘சூப்பர் டீலக்ஸ்’ வர 2019 ஆகிவிட்டது. அதற்கு என் வீட்டுக்காரரும் நானும் போனில் டிக்கெட் எடுத்துக்கொண்டு போனோம், யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் ‘ஆரண்ய காண்டம்’ பார்த்தது 2014 பொங்கல் லீவில், காங்கேயம் பக்கத்தில் அப்புச்சி வீட்டுத் திண்ணையில், லேப்டாப்பில். தனியாகப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன். அப்புச்சி அந்தக் காலத்தில் சேவல் வளர்த்தவர், பொங்கலானால் பூலாம்வலசு சேவல்கட்டுக்குச் சேவலைத் தூக்கிக்கொண்டு போனவர். படத்தில் சேவல் சத்தம் வந்ததும் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நொடித்துப்போன ஜமீன்தார் ஒருவர் சேவலோடும் கொடுக்காப்புளி என்கிற மகனோடும் அலைவார். சோமசுந்தரம் அந்த அப்பனாக நடித்திருப்பார். சேவல் வருகிற இடத்தில் எல்லாம் அப்புச்சியின் வலது கை தானாக வேட்டி மேல் மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே இருந்தது, கழுத்து இறகை நீவி விடுகிற மாதிரி.

முதல் வசை வந்ததும் நான் சத்தத்தைக் குறைக்கப் போனேன். “உடு கண்ணு. சேவக்கட்டுல இதைவிடப் பெருசு பெருசா கேட்டிருக்கறேன். அங்க பேசறவன் அங்க பேசறான்” என்றார். எழுபத்தெட்டு வயசில் அவர் யாரையும் ஒரு வசை சொல்லி நான் கேட்டதில்லை, பண்ணையத்து ஆட்களைக்கூட. பையன் அப்பனைக் காப்பாற்ற ஓடுகிற இடத்தில், “அப்பனை உட்டுட்டுப் போகல பாரு சாமி” என்று இரண்டு தடவை சொன்னார். சுப்பு என்கிற பெண்ணைக் கிழட்டு ரவுடித் தலைவன் அடிக்கிற காட்சிகளில் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே தென்னை மரத்தைப் பார்த்தார். யாஸ்மின் பொன்னப்பா நடித்த பாத்திரம் அது. படம் முழுக்க எல்லோரும் அவளைப் பொருளாகவே கையாள்வார்கள். நான் அந்தக் காட்சிகளில் எல்லாம் பண்டல் பொறுக்கிய பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டில் போடுவதாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிட்டுப் போடுங்கள், வசை இருக்கும், ஒரு பெண்ணை அடிக்கிற காட்சி இருக்கும் என்று. ரிமோட்டைத் தேடுகிற வேலை வராது. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அதிலும் தப்பில்லை.

அப்புச்சி கடைசி அரை மணி நேரம் தூங்கிவிட்டார். மறுநாள் காலையில் மாட்டுத் தொட்டியில் தவிடு கரைத்துக்கொண்டே கேட்டார், “அந்தப் புள்ள என்னாச்சு கண்ணு?”

“தப்பிச்சுட்டாளுங்க அப்புச்சி, பணத்தையும் எடுத்துட்டுப் போயிட்டா.”

“செரி” என்றார். கையை உதறிவிட்டு அடுத்த வாளியை எடுக்கப் போனார்.