'வீட்டில்' என்பது யார்?

கேள்வி: எங்கள் ஆபீஸில் வெள்ளிக்கிழமைதோறும் நன்றாக வேலை செய்தவர்களின் பெயர்களை 'குடோஸ்' என்ற தலைப்பில் மேனேஜர் மெயில் அனுப்புவார். ஆறு மாதமாக என் பெயர் அதில் இல்லை. போன வாரம் மீட்டிங்கில், "எனக்கும் ஒரு குடோ கொடுக்கக் கூடாதா சார்?" என்று கேட்டுவிட்டேன். புதிதாகச் சேர்ந்த 23 வயதுப் பையன், "குடோ என்று ஒரு வார்த்தையே இல்லை" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அவமானத்தில், வீட்டில் கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸைக்கூடத் திறக்காமல் திரும்பக் கொண்டுபோனேன். அந்தச் சொல்லுக்கு என்னதான் அர்த்தம்? மேனேஜரிடம் இதைப் பேசலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம், தம்பி. அது கிரேக்கச் சொல். புகழ், அதிலும் போர்க்களத்தில் வெற்றியோடு சேர்ந்து வரும் பெருமை என்று பொருள். கடைசியில் உள்ள 'ஸ்' பன்மை விகுதி அல்ல, சொல்லோடு பிறந்தது. பிரிட்டனில் கிரேக்கம் படித்த பல்கலைக்கழக மாணவர்களின் பேச்சுவழக்காக 19ஆம் நூற்றாண்டில் புழங்கியது. 20ஆம் நூற்றாண்டில் பத்திரிகைகள் வழியாகப் பரவியபோது, அந்த 'ஸ்' பன்மை என்று நினைத்தவர்கள் அதை வெட்டி 'குடோ' என்று ஒருமையை உண்டாக்கினார்கள். சில அகராதிகளில் அதற்கு இடமும் கிடைத்திருக்கிறது. ஆனால் கிரேக்கத்தில் அப்படி ஒரு சொல் கிடையாது.

பழங்காலக் கிரேக்கக் கவிஞர் ஹோமரின் இலியட் காவியத்தின் தொடக்கத்திலேயே இந்தச் சொல் வருகிறது. அரசன் அகமெம்னனுக்கும் வீரன் அகில்லெஸுக்கும் தகராறு. போரில் பெரும்பாடு படுவது என் கைகள், பங்கு பிரிக்கும்போது பெரியது உனக்கா என்று அகில்லெஸ் குமுறுகிறான். முதியவர் நெஸ்டர் குறுக்கிட்டு, அரசனோடு மோதாதே, கடவுள்களின் அரசரான ஜீயஸ் அவனுக்குத்தான் குடோஸ் கொடுத்திருக்கிறார் என்கிறார். அதாவது அது மேலே இருப்பவர் பார்த்துக் கொடுப்பது. யார் கை அதிகம் உழைத்தது என்ற கணக்கு அதில் இல்லை. உங்கள் மேனேஜரின் பட்டியலும் அப்படித்தான் இருக்கக்கூடும்.

சரி, இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அந்தப் பையனின் வயதுகூட உங்களுக்குத் தெரிகிறது. மேனேஜர் எந்தக் கிழமை மெயில் போடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுத்தவரை மட்டும் 'வீட்டில்' என்று எழுதியிருக்கிறீர்கள்!

பையன் உங்கள் ஒருமை பன்மையைத் திருத்தினான். நான் உங்கள் வேற்றுமையைத் திருத்துகிறேன். 'வீட்டில்' என்பது ஏழாம் வேற்றுமை, இடத்தைக் குறிப்பது. விடியற்காலையில் எழுந்து உங்களுக்குச் சமைத்துக் கட்டிய ஒரு பெண்ணை நீங்கள் ஓர் இடமாக்கி வைத்திருக்கிறீர்கள். இத்தனை வருடங்களாக இப்படிப்பட்ட கடிதங்களைப் படிக்கிறேன். கோபம் குறையவே இல்லை. ஆறு மாதம் பெயர் வராததற்கு உங்களுக்கு இவ்வளவு வலிக்கிறதே, கல்யாணமான நாளிலிருந்து பெயரே இல்லாமல் இருப்பவருக்கு எப்படி இருக்கும்? திறக்காத பாக்ஸை வாங்கி, ஆறிப்போன சாப்பாட்டை வழித்துப் போட்டபோது அவர் ஏதாவது கேட்டாரா? நீங்கள் ஏதாவது சொன்னீர்களா? கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

வீட்டு மனிதர்களுக்கு நன்றி எதற்கு என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. சம்பாதித்துக் கொடுப்பது போலவே, குழம்பு நன்றாக இருந்தது என்று வாய் திறந்து சொல்வதும் கணவனின் கடமை.

மேனேஜரிடம் தாராளமாகப் பேசுங்கள். பட்டியலைப் பற்றி அல்ல, ஆறு மாதத்தில் என்ன வேலை முடித்தீர்கள் என்று எழுதிக்கொண்டுபோய்ப் பேசுங்கள். அப்புறம் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். அன்று அந்த டிபன் பாக்ஸில் என்ன இருந்தது? தெரியாவிட்டால், உங்கள் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.